எதிர்ப்பலகை

ஜமால் ஈப்போவிலிருந்து ஊரோடு வந்து சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மனைவி ஷரபுன்னிசா இன்னும் அவருக்குப் பூப்போட்ட பீங்கான் தட்டில்தான் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தட்டுகள் அவரே மலாயாவிலிருந்து அனுப்பியவை. திருச்சி நத்தர்ஷா பள்ளிவாசலை ஒட்டிய அந்தத் தெருவில், சம்பாதிக்கக் கடல் கடந்து சபருக்குப் போன ஆண்கள் இருக்கிற வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பெருநாளுக்கும் விருந்தாளிக்கும் தட்டுகள் கீழே இறங்கும். மற்ற நாட்களில் வீட்டாருக்கு அலுமினியத் தட்டுதான். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஜமால் லீவில் வரும்போதும் ஒரு தட்டு இறங்கும். அவர் கப்பலேறியதும் கழுவித் துடைத்து மேலே ஏற்றிவிடுவாள். இந்தத் தடவை இறங்கிய தட்டு ஏறவே இல்லை. ஆனாலும் அதை அலுமினியத் தட்டுகளோடு அடுக்க அவளுக்குக் கை வரவில்லை. தனியாகக் கவிழ்த்து வைப்பாள்.

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் அவரோடு இருந்த நாட்களை ஒன்றாகக் கோத்தால் மூன்று வருஷம் தேறுமா என்பது சந்தேகம். அந்த நாட்களிலும் வீடு நிறைய ஆட்கள். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்கள் அடுப்படியில் ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்காருவார்கள். மகள் ரஷீதா பிறந்ததும், வளர்ந்ததும், புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போனதும் எல்லாம் அவர் இல்லாதபோது நடந்தவை. ஷரபுன்னிசாவுக்கு அவருடைய சட்டை அளவு தெரியும், எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை விடுவார் என்று தெரியும். எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் என்ன பேசுவார் என்று தெரியாது.

வந்த புதிதில் அவர் பெரிய கடைவீதியில் தம்பி மீரானின் இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். தம்பி நல்லவன்தான். அண்ணனைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுவான். "அண்ணனுக்கு டீ வாங்கிட்டு வா" என்பான். அரை மணி கழித்து மறுபடியும் டீ வரும். அங்கே வேறு வேலை அவருக்கு இல்லை. கொஞ்ச நாளில் போவதை நிறுத்திக்கொண்டார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதை ஷரபுன்னிசா அடுப்படி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்து, காற்று தெருவில் இருந்த காகிதத்தையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்ட ஒரு காலையில்தான் பரக்கத் அலி வந்தார். பாலக்கரையில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். திருவெறும்பூரில் புதிதாக வந்த தொழிற்சாலைகளைக் கட்டிக் கொடுக்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். அவர்கள் விட்டுப்போன கட்டில், ஐஸ் பெட்டி, நாற்காலி எல்லாம் அவர் கை வழியாகத்தான் திருச்சி வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தன.

"அண்ணே, இந்தத் தடவை ஒங்களுக்குன்னே ஒரு சாமான் வந்திருக்கு" என்றார் பரக்கத் அலி. "போட்டு."

"என்ன போட்டு?"

"தண்ணியில விடற போட்டுங்க. ரெண்டு. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. சுத்தமான அலுமினியம். மரம்னா உளுத்துப் போகும், இரும்புன்னா துருப்புடிக்கும். இது ஒண்ணும் ஆகாது. வெள்ளைக்காரன் ஞாயித்துக்கிழமையானா காவேரியில எறக்கிட்டு முக்கொம்பு வரைக்கும் போவான். ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்குங்க. வெலையில பெரிய வித்தியாசமில்ல."

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து நஜீமாவின் குரல் வந்தது. ஜமாலின் அக்கா. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். தம்பிகள் இருவரையும் வளர்த்தவள். அந்த வீட்டில் உப்பு போடுவதிலிருந்து சம்பந்தம் பேசுவது வரை அவள் வார்த்தைதான்.

"ஏன் பரக்கத்து, அதுல நோன்புக் கஞ்சி காய்ச்சலாமா?"

"காய்ச்சலாமே அக்கா! பெருசுல காய்ச்சினா பள்ளிவாசல் மொஹல்லா பூராவுக்கும் ஊத்தலாம்."

"துடுப்பை அகப்பையா வச்சுக் கிண்டிக்கலாம்னு சொல்லு."

கூடத்தில் ஜமால் சிரித்தார். ஷரபுன்னிசா கையில் இருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து திரையோரம் நின்றாள். அவர் சிரித்துக் கேட்டு மாதக்கணக்காகிறது.

"ஈப்போவுல ஈயம் தோண்டின பள்ளமெல்லாம் கொளமாக் கெடக்கும் பரக்கத்து" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "பக்கத்துக் கடைச் சீனன் ஒரு சின்ன போட்டு வச்சிருந்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையடைச்சதும் என்னையும் கூப்பிட்டுக்குவான். நடுக் கொளத்துல துடுப்பை நிறுத்திட்டு ஒக்காந்திருப்போம். அவன் பாஷை எனக்கு அரைகுறை, என் பாஷை அவனுக்குச் சுத்தமாத் தெரியாது. ஆனா எதிர்ல ஒரு மனுஷன் இருக்கான்ல. அதுக்காகவே போவேன்."

பரக்கத் அலி அதைக் கேட்டாரோ இல்லையோ, ஷரபுன்னிசா கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் அனுப்பிய சேதி எதிலும் அந்தக் குளம் வந்ததில்லை.

*

படகுகள் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், ஆற்றங்கரைத் தென்னந்தோப்பு ஒன்றில் கிடந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடே கிளம்பியது. ஆண்கள் சைக்கிளில். பெண்களும் மீரானின் பிள்ளைகளும் இரண்டு ஜட்காவில். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, முன்னும் பின்னும் திரை கட்டிய வண்டிக்குள் அடைந்து உட்கார்ந்தார்கள். காவேரிப் பாலத்தில் ஏறியதும் காற்று திரையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நஜீமா ஒரு கையால் திரையையும் இன்னொரு கையால் ஒரு பிள்ளையையும் பிடித்துக்கொண்டாள்.

"யா அல்லா, இந்தக் காத்துல போட்டு வாங்கறான் பாரு ஒன் புருஷன். பறக்கற கப்பல் வாங்கினாலாவது பிரயோசனம்."

திரை விலகிய ஒரு கணத்தில் ஷரபுன்னிசா ஆற்றைப் பார்த்தாள். இரு கரையும் தொட்டுக்கொண்டு, செம்மண் நிறத்தில், நிற்க நேரமில்லாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் கோயில் கோபுரங்கள். திரை மறுபடியும் மூடிக்கொண்டது.

தோப்புக் காவல்காரர் சின்னையன் படகுகளைத் தென்னங்கட்டைகள் மேல் கவிழ்த்துப் போட்டிருந்தார். வெயில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தன. ஆண்கள் சேர்ந்து புரட்டி நிமிர்த்தினார்கள். பெரியதில் நான்கு பலகைகள், எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். சின்னதில் இரண்டே பலகை. நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று.

நஜீமா விரலை மடக்கிச் சின்னதைத் தட்டிப் பார்த்தாள். "இட்லிக் குண்டான் மாதிரி சத்தம் கேக்குதே. இதை நம்பியா ஆத்துல போனாங்க?"

"நல்லாப் போகும்மா" என்றார் சின்னையன். "அந்தத் தொரையும் அவரு சம்சாரமும் வாராவாரம் இதுலதான் போவாங்க. பெருசு அவங்க கூட்டாளிங்க எல்லாரும் வந்தாத்தான் எறக்குவாங்க. அதுக்கு எஞ்சின் இருந்துச்சு, அதை யாரோ தனியா வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப நாலு பேராவது துடுப்புப் போட்டாத்தான் நகரும். ஒத்தை ஆளு போட்டா தண்ணியோட போகத்தான் முடியும், திரும்பி வர முடியாது."

"சின்னதுக்கு?" என்று கேட்டார் ஜமால்.

"ஒரே ஆளு போதும் பாய். ஆனா ஒண்ணு. இதுல துடுப்புப் போடறவரு நம்ம ஊரு ஓடக்காரன் மாதிரி நின்னு தள்ளறதில்ல. போற தெசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒக்காந்து வலிக்கணும். முன்னாடி பாறை இருக்கா, மேடு இருக்கா, அவருக்குத் தெரியாது. எதிர்ப்பலகையில ஒக்கார்றவங்கதான் அவருக்குக் கண்ணு. அந்தத் தொரைசானியம்மா இப்படிக் கையைக் காட்டும், அப்படிக் காட்டும். அவரு அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு வலிப்பாரு."

சின்னையன் இளநீர் பறிக்கப் போனார். மீரானும் பிள்ளைகளும் தண்ணீர் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். ஜமால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்னப் படகில் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தார். துடுப்புகளை வளையத்தில் மாட்டினார்.

"யாராச்சும் எதிர்ல ஒக்காருங்க, பாக்கலாம்."

"நான் ஒக்காந்தா மண்ணுலயே முழுகிப்போகும்" என்றாள் நஜீமா. "ஷரபு, நீ போடி."

ஷரபுன்னிசா ஏறினாள். தரையில்தான் கிடந்தது என்றாலும் கட்டைமேல் படகு லேசாக ஆடியது. பலகையில் உட்கார்ந்தபோது அவர் முழங்காலும் அவள் முழங்காலும் ஒரு சாண் இடைவெளியில் நின்றன. துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டாள். ஜமால் துடுப்பைக் காற்றில் ஒருமுறை வலித்தார். முன்னால் சாய்ந்து, பின்னால் போய், மறுபடியும் முன்னால் வந்தார்.

வந்தவர் துடுப்பைப் பாதியில் நிறுத்தினார்.

"இதென்ன, புருவத்துக்கு மேல?"

அவள் கை தானாக அங்கே போயிற்று. "அதுவா? எண்ணெய் தெறிச்சது. ரஷீதா கல்யாணத்துக்குப் பலகாரம் சுடறப்ப."

"சொல்லவே இல்லையே."

"எண்ணெய் தெறிச்சதையெல்லாமா அங்க சொல்லி அனுப்புவாங்க?"

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒருமுறை லீவில் வந்து போனார். இப்போது வந்தும் வருஷமாகிறது. அதை அவள் சொல்லவில்லை. அவர் தனக்குத்தானே அதைக் கணக்குப் பார்த்துக்கொண்ட மாதிரி முகம் மாறியது.

"வலிச்சுதா?"

"அப்ப வலிச்சுது."

அவர் துடுப்பை மறுபடியும் வலித்தார். "முன்னாடி என்ன இருக்கு, சொல்லு."

அவருடைய முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். "ஒரு தென்ன மரம். அதுல ஒரு ஆடு கட்டியிருக்கு."

"எந்தப் பக்கம் ஒதுங்கணும்?"

"சோத்தாங்கைப் பக்கம். உங்க சோத்தாங்கை இல்ல, எனக்கு."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பல் தெரியச் சிரித்ததை உணர்ந்து துப்பட்டி நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

"எறங்குடி ஷரபு!" நஜீமா பெரிய படகுக்குள் நின்றுகொண்டு கூப்பிட்டாள். "இங்க வந்து பாரு, வீடு மாதிரி இருக்கு. நாலு மூங்கிலை வளைச்சுக் கட்டி, ஜட்காவுக்குப் போடற மாதிரி பச்சைத் திரை போட்டுட்டா, பொம்பளைங்க எல்லாரும் பின்னாடி ஒக்காந்துக்கலாம். ரஷீதாவும் புள்ளையும் வந்தாக்கூட எடம் இருக்கு."

*

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறும் தாளிச்சாவும். பரக்கத் அலி சாயங்காலம் பதில் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் நஜீமா, தாளிச்சாவை ஊற்றிக்கொண்டே. "வெலை ஏறக்குறைய ஒண்ணுதான்னு அவனே சொல்றான். பெருசை விட்டுட்டுச் சின்னதை எடுக்கறவன் எவனாவது இருப்பானா?"

"பெருசுக்கு நாலு ஆளு வேணுமேக்கா."

"கடையில ரெண்டு பசங்க மூட்டை தூக்கறானுங்கல்ல, அவனுங்க, மீரான், நீ. நாலு பேரு ஆச்சு. என்ன மீரான்?"

"அண்ணன் சொன்னாச் சரி" என்றான் மீரான் சோற்றைப் பிசைந்தபடி.

ஜமால் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "ஷரபு, நீ சொல்லு. எது வாங்கலாம்?"

அந்த வீட்டில் நாலு பேர் முன்னால் அவளை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவள் நெய்க்கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றாள். சின்னது என்கிற சொல் தொண்டையில்தான் இருந்தது. எதிர்ப்பலகை, தென்னை மரம், கட்டின ஆடு, அவர் சிரித்த சிரிப்பு எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக நின்றன.

ஆனால் சபருக்குப் போனவன் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் சம்பாத்தியத்தில் பத்துப் பேர் இருக்கிற வீட்டில், எனக்கு என்று ஒன்றைக் கேட்டுவிட்டால் பிரித்துப் பார்க்கிறவள் என்ற பெயர் வந்துவிடும். அவர் லீவுக்கு வருமுன் என்ன வாங்கி வர என்று கேட்டு அனுப்புவார். இவள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்லி அனுப்புவாள்: எல்லாருக்கும் ஒண்ணுபோல வாங்கிட்டு வாங்க. இருபது வருஷம் சொன்ன வாய். யோசிப்பதற்குள் சொல்லிவிட்டது.

"எல்லாரும் போற மாதிரி இருந்தா நல்லதுதானே."

ஜமால் அவளை ஒரு கணம் பார்த்தார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவள் நெய் ஊற்றக் குனிந்தாள்.

"அப்படியா?" என்றார். "சரி. பெருசே வாங்கிடலாம்."

"என் தங்கம்" என்று நஜீமா ஷரபுன்னிசாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

சின்னப் படகை அந்த வாரமே வேறொருவர் வாங்கிக்கொண்டார். திருவெறும்பூர் தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் இன்ஜினியர், புதிதாகக் கல்யாணமானவர். அவரும் அதைச் சின்னையன் காவலிலேயே தோப்பில் விட்டுவைத்தார்.

*

ஆவணியில் காற்று அடங்கியதும் படகை இறக்கினார்கள். மூங்கில் வளைத்து, பச்சைத் திரை கட்டி, உள்ளே பாய் விரித்து, தூக்குச் சட்டியில் பிரியாணியும் தம்ரூட் இனிப்பும் எடுத்துக்கொண்டு போனார்கள். புதுக்கோட்டையிலிருந்து ரஷீதா குழந்தையோடு வந்திருந்தாள்.

பிஸ்மில்லா சொல்லிப் படகு கரையை விட்டதும் உள்ளே ஒரே கூச்சல். மீரானின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ரஷீதாவின் குழந்தை அழுதது. திரைக்குள் எல்லாம் பச்சையாக இருந்தது. கை பச்சை, முகம் பச்சை, தம்ரூட் பச்சை. வெளியே தண்ணீர் தகட்டில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆறு எப்படி இருக்கிறது, எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

ஷரபுன்னிசா திரையோரமாக உட்கார்ந்திருந்தாள். துடுப்புப் போடுகிறவர்கள் முதுகைப் போகிற திசைக்குக் காட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதில் கடைசிப் பலகை ஜமாலுக்கு. அவர் முன்னால் சாயும்போதெல்லாம் அவருடைய மூச்சு திரையின் மறுபுறத்தில் கேட்டது. கைநீட்டினால் தொடலாம். அவர் முகம் இவளைப் பார்த்துத்தான் இருந்தது. நடுவில் பச்சைத் துணி.

"அண்ணே, மேடு தட்டுது, அந்தப் பக்கம் வலிங்க" என்று மீரானின் குரல் கேட்டது. முன்னால் நின்று வழி பார்த்த தன் மூத்த மகன் சொன்னதைத்தான் அவன் திருப்பிச் சொன்னான்.

நஜீமாவுக்குத் தலை சுற்றியது. இரண்டு முறை வெளியே குனிந்து வாந்தியெடுத்தாள். "அல்லா காப்பாத்தணும், என்னைக் கரையில விடுங்கடா" என்றாள். பிரியாணியைத் தோப்பில் உட்கார்ந்து தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்த முறை நஜீமா வரவில்லை. அதற்கடுத்த முறை மீரானுக்குக் கடையில் சரக்கு வந்து இறங்கியது. அவன் இல்லாமல் பையன்களும் வரவில்லை. பிறகு ஐப்பசி மழை, பிறகு நோன்பு. படகைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஜமால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. திரும்பி வரும்போது வேட்டியின் ஓரம் ஈரமாக, சேறு பட்டு இருக்கும். துவைக்கும்போது ஷரபுன்னிசா அந்தச் சேற்றை முகர்ந்து பார்ப்பாள். தென்னை மரத்தில் கட்டிய படகில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று அவளுக்குத் தெரியும். எதிரே யாரும் இல்லாமல்.

நானும் வருகிறேன் என்று சொல்ல அவள் ஒருநாள் வாசல் வரை போனாள். அவர் சைக்கிள் செயினில் சிக்கிய வேட்டி நுனியை விடுவித்துக்கொண்டிருந்தார். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, குடை எடுத்துக்கிட்டீங்களான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

*

தை பிறந்து பத்து நாளில் ஈப்போவிலிருந்து ஆள் வந்தது. பழைய கூட்டாளி சொல்லி அனுப்பியிருந்தார்: கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லை, ஜமால் திரும்பி வந்தால் பழையபடி பங்கு. நாகப்பட்டினத்திலிருந்து அடுத்த கப்பலில் இடம் வாங்கித் தருகிறேன் என்று வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. அதே நெய்ச்சோறு.

"போயிட்டு வரட்டுமே" என்றாள் நஜீமா. குரலில் கோபம் இல்லை. தம்பியைப் பார்க்க அவளுக்கும் பாவமாக இருந்தது. "இங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்து என்ன பண்ணப் போறான்? அங்கன்னா நாலு பேரு மொதலாளின்னு கூப்பிடுவாங்க. ஒரு ரெண்டு வருஷம். என்னடா தம்பி?"

"போலாம்னுதான் பாக்கறேன்" என்றார் ஜமால். "இங்க எனக்குன்னு ஒரு எடம் அமையலக்கா. யாரு மேலயும் தப்பு சொல்லல."

மீரான் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜமால் அடுப்படிப் பக்கம் திரும்பினார். கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிற குரலில் கேட்டார். "நீ என்ன சொல்ற?"

ஷரபுன்னிசா அவருக்கு இரண்டாவது தடவை போடச் சோற்றுத் தட்டைக் கையில் எடுத்திருந்தாள். எல்லாரும் அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்தவர்களாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உங்க இஷ்டம். அது அவள் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. பச்சைத் திரையும், அதற்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சும் நினைவுக்கு வந்தன. தட்டைக் கீழே வைத்தாள்.

"வேணாம்" என்றாள். "போகாதீங்க."

மீரான் நிமிர்ந்தான். நஜீமா கரண்டியை நிறுத்தினாள்.

"என்னடி சொல்ற?"

"எனக்கு அவங்க இங்க இருக்கணும்க்கா."

"யாரைக் கேட்டுடி இப்படிப் பேசற?"

"என்னைக் கேட்டாங்க. நான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். காது இரண்டும் சூடாகிவிட்டன. அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, யாரும் போகவில்லை. நஜீமா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"நல்லாத்தான் சொன்ன. இத்தனை வருஷமா வாயில என்னடி வச்சிருந்த, வெத்தலையா?" குரல் கொஞ்சம் உடைந்தது. "நான் ஒருத்தி தனியாக் கெடந்து பழகினதுல, எல்லாரும் அப்படியே இருந்துக்குவாங்கன்னு நெனச்சுட்டேன்." எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜமால் கை காயும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கை கழுவ எழுந்தபோதுதான், தண்ணீர்ச் செம்பை நீட்டியவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு மேலூருக்கு வர்றியா?"

மறுநாள் காலை இடியாப்பத்தை அவள் அலுமினியத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நினைத்துச் செய்யவில்லை, கைக்கு முதலில் வந்த தட்டு அது. அவர் தட்டைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

*

ஜட்காவின் திரையை அவள் பாலத்தில் ஏறியதும் கட்டிவைத்துவிட்டாள். வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு பாதியாகியிருந்தது. நடுவில் ஆங்காங்கே மணல் திட்டு. தண்ணீர் தெளிந்து, அவசரமில்லாமல் போனது.

"மேட்டூரை மூடப் போறாங்களாம்மா" என்றார் சின்னையன். "இன்னும் ரெண்டு வாரத்துல இங்க ஆடு மேயும். போட்டைத் தனியா அவுத்துடாதீங்க பாய், ரெண்டு பேரால திருப்பிக் கொண்டாற முடியாது."

"அவுக்கல" என்றார் ஜமால்.

மூங்கில் வளைவுகள் மட்டும் இருந்தன. திரையை எலி கடித்துவிட்டது என்று சின்னையன் கழற்றி வைத்திருந்தார். படகு நீளக் கயிற்றில் தென்னை மரத்தோடு கட்டியிருந்தது. ஜமால் அவள் கையைப் பிடித்து ஏற்றினார். அவள் கடைசிப் பலகையில் உட்கார்ந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து இரண்டு துடுப்பை மாட்டினார். இத்தனை பெரிய படகில் மற்றப் பலகைகள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடந்தன.

இரண்டு வலிப்பில் கயிறு இறுகி நின்றது. படகு அதற்குமேல் போகவில்லை. அவர் துடுப்பை விடவில்லை; மெதுவாக வலித்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு ஒனக்கு எது பிடிச்சுது?" என்று கேட்டார்.

"சின்னது."

துடுப்பு ஒரு கணம் தண்ணீருக்கு மேலே நின்றது. சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"எனக்கும் அதுதான். நீ எல்லாரும்னு சொன்னதும், என் எதிர்ல ஒக்கார ஒனக்குச் சங்கடமா இருக்கு போலன்னு நெனச்சுட்டேன். இருக்கும்தானே, இத்தனை வருஷம் விட்டுட்டு வந்தவன்."

"சங்கடமாத்தான் இருந்துச்சு" என்றாள். "அதுக்காக வேணாம்னு அர்த்தமில்ல."

அவர் அவளுடைய புருவத்துக்கு மேலே பார்த்தார். பிறகு மறுபடியும் வலிக்கத் தொடங்கினார்.

"முன்னாடி என்ன வருது, சொல்லு."

அவள் அவருடைய தோளுக்கு மேலே பார்த்தாள். வெயில் தண்ணீரில் தகடு தகடாகக் கிடந்தது. மணல் திட்டில் நாரைகள். அதற்கும் அப்பால், எதிர்க்கரையை ஒட்டி, அந்தச் சின்னப் படகு போய்க்கொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்ட இளைஞன் துடுப்புப் போட்டான். எதிர்ப்பலகையில் மஞ்சள் புடவை கட்டின பெண் கையை நீட்டி அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டினாள். அவன் வேண்டுமென்றே வேறு பக்கம் வலித்தான் போலிருக்கிறது, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு இங்கே வரை வந்தது.

ஜமாலின் கை நின்றது. காதில் விழுந்திருக்க வேண்டும்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் ஷரபுன்னிசா. "தண்ணிதான்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, கயிறு இழுத்த இழுப்பில், துடுப்பை மறுபடியும் வலித்தார்.